வாரில் பூ வெட்டுகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சேணத் தோலில் சித்திர வேலை செய்ய உட்காருகிறவர் ஒன்றை மறக்கவே கூடாது. அது சுமை தாங்கும் தோல். குதிரையின் மார்வார், மாட்டின் கழுத்துப்பட்டை, பைக்கின் பக்கப்பையைத் தூக்கி நிற்கும் பட்டை என எல்லாமே இழுவையிலும் வியர்வையிலும் மழையிலும் உழைப்பவை. சரியான இடத்தில் வெட்டிய கோடு வாருக்கு அழகு. தப்பான இடத்தில் வெட்டினால் அதே கோட்டில்தான் வார் ஒருநாள் அறும். வாரின் வேலை முதலில், வேலைப்பாடு அதற்குப் பிறகு. கீழே உள்ள எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கைவேலையைக் கற்க நல்ல வசதி இருக்கிறது. சென்னைப் பக்கம் போனால் பெரியமேட்டுத் தோல் கடைகள். பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குள்ளேயே எஃப்.டி.டி.ஐ. என்ற காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் சென்னை வளாகம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தூரமில்லை. வேலைக்கும் இங்கே இடமுண்டு. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் 2013-இலும் வல்லம் வடகாலில் 2017-இலும் ஆலைகளைத் தொடங்கியது. அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் தோல் பக்கப்பையை ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். சுற்றுக் கிராமங்களில் மாட்டுப் பொங்கல் வந்தால் கழுத்துப்பட்டையும் சலங்கை வாரும் வேண்டியிருக்கும்.

1. தோல் வாங்கும்போது

சித்திரம் பதிய வேண்டுமானால் தோல் மரப்பட்டையாலோ காய்ச்சாற்றாலோ பதனிடப்பட்டிருக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை வெஜ் டேன் என்பார்கள். ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் பள்ளம் விழும், காய்ந்ததும் அது அப்படியே நிற்கும். குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது, செருப்புக்கும் கைப்பைக்கும் அருமையானது. ஆனால் அழுத்திய பள்ளம் அதில் மீண்டு எழுந்துவிடும்.

பட்டைப் பதனில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெயர் உண்டு. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு இங்கிருந்து கப்பலேறிய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல், 2008-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இன்று ஆவாரம் பட்டையின் இடத்தில் பெரும்பாலும் வாட்டில் மரச் சாறுதான் இருக்கிறது. 1912-இல் பல்லாவரத்துக்கு அருகே குரோம் லெதர் கம்பெனி வந்தது. 1970-களில் அரை பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்து, முடிவுற்ற தோலை ஊக்குவித்தது. காலப்போக்கில் தொழிற்சாலைகள் பலவும் குரோமுக்கு மாறின. அதனால் கடையில் எதிரே அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி குரோம் தோலாகத்தான் இருக்கும். கேட்டுச் சோதித்து வாங்க வேண்டும்.

*செய்ய வேண்டியவை*

- வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் குரோம். முழுவதும் பழுப்பாக இருந்தால் பட்டைப் பதனாக இருக்க வாய்ப்பு அதிகம்.
- மேற்பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் ஊறி, அந்த இடம் கறுத்தால் அது உங்களுக்கான தோல்.
- விரல் நகத்தால் அழுத்துங்கள். ஈரம்பட்ட இடத்தில் நகக்குறி நிற்க வேண்டும்.
- வாருக்கு முதுகுப் பகுதித் தோலைக் கேளுங்கள். நார்கள் நெருக்கமாக இருக்கும், இழுத்தாலும் அதிகம் நீளாது. சுமை வாருக்கு 3 முதல் 4 மி.மீ. தடிமன் வேண்டும்.
- மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் பாருங்கள். தளர்ந்த பெரிய சுருக்கங்கள் எழுந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

*செய்யக்கூடாதவை*

- வயிற்றுப் பகுதித் தோலை விலை குறைவு என்று வாருக்கு வாங்காதீர்கள். நனைத்துத் தட்டினால் கோணலாக நீளும்.
- மேலே பெயின்ட் பூச்சு உள்ள தோலை எடுக்காதீர்கள். தண்ணீர் உள்ளே போகாது.
- கொழுப்பும் மெழுகும் ஏற்றிய முடிவுற்ற சேணத் தோலில் ஆழமான பூவேலையைத் தொடங்காதீர்கள். மழைக்கும் வியர்வைக்கும் தாங்கத்தான் அந்தக் கொழுப்பை ஏற்றியிருக்கிறார்கள். அதே கொழுப்பு உங்கள் தண்ணீரையும் தடுக்கும். அதில் ஓரக்கோடும் சிறு முத்திரையும் மட்டும் நன்றாக வரும். பூவும் கொடியும் வேண்டுமானால் கொழுப்பேற்றாத தோலில் வெட்டி முடித்து, எண்ணெயைப் பிறகு கொடுங்கள்.

2. கருவியும் கல்லும்

அடிப்படைக் கருவிகள் குறைவுதான். சுட்டுவிரலை மேலே வைத்துத் திருப்பும் ஸ்விவல் கத்தி, கோட்டின் ஒரு பக்கத்தை அமுக்கும் பெவலர், இதழுக்குக் குழிவு தரும் ஷேடர், பின்னணியை அமிழ்த்தும் சிறு முத்திரை, நரம்புக்கும் விதைக்கும் ஒவ்வொரு முத்திரை. அவ்வளவு போதும்.

*செய்ய வேண்டியவை*

- அடியில் கருங்கல் பலகை போடுங்கள். சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கிரானைட் துண்டு கடைகளில் மலிவாகக் கிடைக்கும். 3 செ.மீ. தடிமனாவது இருக்கட்டும்.
- கல்லுக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட் விரியுங்கள். வாடகை அறைகளில் பக்கத்து அறைக்காரர் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குவார். ரப்பர் இருந்தால் சத்தம் குறையும்.
- தச்சரின் கொட்டாப்புளி அல்லது நைலான் சுத்தி கொண்டு தட்டுங்கள்.
- கத்தி முனையைத் தோல் பட்டையில் பாலிஷ் பூசி அடிக்கடி தீட்டுங்கள். வெட்டும்போது கத்தி இழுபட்டால் உடனே நிறுத்தித் தீட்ட வேண்டும்.

*செய்யக்கூடாதவை*

- இரும்புச் சுத்தியால் முத்திரையின் தலையை அடிக்காதீர்கள். தலை பிளந்து விரியும், அடியும் சமமாக விழாது.
- துருப்பிடித்த முத்திரையை ஈரத் தோலில் வைக்காதீர்கள். காரணத்தை அடுத்த பகுதியில் பாருங்கள்.

3. நனைத்தல்

புதிதாகத் தொடங்குகிறவர்களின் வேலை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கத்தியையும் கையையும் குறை சொல்வார்கள், குறை ஈரத்தில் இருக்கும்.

ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, தோலின் இரண்டு பக்கமும் சீராகத் துடைத்தால் தோல் அடர்பழுப்பாகக் கறுக்கும். அப்போதே கத்தி வைத்தால் வெட்டிய கோடு மூடிக்கொள்ளும், முத்திரை சேற்றில் பதிந்ததுபோல் குழையும். காத்திருங்கள். முதலில் ஓரங்கள் வெளுக்கும், பிறகு நடுப்பகுதி. நிறம் கிட்டத்தட்டப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் அந்தப் பதத்தில் பெவலரை ஒரு தட்டுத் தட்டினால், அமுங்கிய இடம் மட்டும் கருஞ்சிவப்பாக மின்னும். பட்டைப் பதனின் அழகு இந்த நிறமாற்றம்தான். அது வராவிட்டால் ஈரம் அதிகமாக இருக்கிறது அல்லது காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

*செய்ய வேண்டியவை*

- வடிகட்டிய தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.
- தடித்த வாரை முந்தின இரவே நனைத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிவைத்து, காலையில் திறந்து பதம் வரும்வரை ஆற விடுங்கள். ஈரம் உள்வரை சமமாகப் பரவியிருக்கும்.
- அக்னி நட்சத்திரக் காலத்தில் சிறு சிறு பகுதியாக வேலை செய்து, மீதியை உறையால் மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறுவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.
- ஆலை வேலைக்குப் போகிறவர்கள், வேலை முடிந்து வந்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தோலைத் தொடுங்கள். கடைசல் எந்திரத்திலோ கிரைண்டரிலோ வேலை செய்பவர்கள் சட்டையையும் மாற்றிவிடுங்கள். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்புத் தூளோடு ஈரத்தில் சேர்ந்தால் மைக்கறுப்பாகும். கண்ணுக்குத் தெரியாத தூள்கூட மறுநாள் காலையில் கரும்புள்ளியாக நிற்கும்.
- அப்படிப் புள்ளி விழுந்தால், எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து ஒற்றி, பிறகு சுத்தமான நீரால் துடையுங்கள். புதுக் கறை பெரும்பாலும் மங்கிவிடும்.

*செய்யக்கூடாதவை*

- செந்நிறமாக வரும் இரும்புச்சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரில் நனைக்காதீர்கள். தோல் முழுக்கச் சாம்பல் படரும்.
- ஒரு மூலையை மட்டும் நனைக்காதீர்கள். ஈரம் நின்ற எல்லையில் வரைகோடு விழும், அதைப் போக்குவது கடினம்.
- நனைத்த தோலை நாள்கணக்கில் உறைக்குள் மறந்துவிடாதீர்கள். பூஞ்சை பிடிக்கும்.

இரும்பால் விழும் அதே கறுப்பை வேண்டுமென்றே உண்டாக்கினால் அது சாயம். கலம்காரி ஓவியர்கள் வெல்லத்தில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் கறுப்பு எடுப்பதும், மேலைநாட்டுச் சேணக்காரர்கள் வினிகரில் இரும்பைக் கரைத்துத் தோலைக் கறுப்பாக்குவதும் ஒரே வேதியியல்தான். வாரைக் கறுப்பாக்க நினைப்பவர் ஒரு துண்டில் முயன்று பார்க்கலாம்.

4. வடிவம்

உலகம் முழுக்கப் பரவியிருக்கும் சேணப் பூவேலை அமெரிக்காவின் ஷெரிடன் பாணி. வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊரில் டான் கிங் என்ற சேணக் கலைஞர் வளர்த்தெடுத்தது. வட்டமாகச் சுருளும் கொடிகள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பூ, இடைவெளியே தெரியாத நெருக்கம் என்பது அதன் இலக்கணம். கற்றுக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம் அது. அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. பக்கத்திலேயே காஞ்சிபுரம் இருக்கிறது. பட்டுக் கரையில் ஓடும் ருத்ராட்சம், மயில்கண், மொட்டுக்கரை எல்லாம் குறுகிய நீளமான பரப்புக்கென்றே பிறந்த வடிவங்கள். வாரும் குறுகிய நீளமான பரப்புதானே?

*செய்ய வேண்டியவை*

- வாரின் அகலத்துக்கு ஏற்ற வடிவத்தை எடுங்கள். 2.5 செ.மீ. வாரில் மொட்டுக்கரையும் ருத்ராட்சமும் நிற்கும். 4 செ.மீ.க்கு மேல் போனால் கொடியும் பூவும் வைக்கலாம்.
- வடிவத்தைப் பிளாஸ்டிக் டிரேசிங் ஷீட்டில் வரைந்து, பதமான தோல் மேல் வைத்து, முனை மழுங்கிய கம்பியால் கோட்டின் மேல் ஓட்டுங்கள்.
- கோயில் தூணைப் பார்த்து யாளியோ தாமரையோ வரைகிறீர்களா? நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். சிற்பி ஆழமாக்கிய இடத்தில்தான் நீங்களும் பெவலரை வைக்க வேண்டும்.

*செய்யக்கூடாதவை*

- பால்பாயிண்ட் பேனாவாலும் கார்பன் தாளாலும் தோலில் வரையாதீர்கள். மை இறங்கிவிட்டால் போகாது.
- சாமி உருவத்தையும் திருநாமத்தையும் வயிற்றுவாரிலும் இருக்கையிலும் வைக்காதீர்கள். வாங்குகிறவரின் மனம் நோகும்.
- வண்டிக் கம்பெனிகளின் சின்னத்தை அனுமதியின்றிப் பைகளில் வெட்டி விற்காதீர்கள். 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டம் அதைக் குற்றமாகப் பார்க்கிறது.

5. கத்தி வேலை

*செய்ய வேண்டியவை*

- கத்தியைப் பக்கவாட்டில் சாய்க்காமல் நிறுத்திப் பிடித்து, உங்களை நோக்கி இழுங்கள். வளைவு வரும்போது தண்டை விரல்களால் உருட்டுங்கள், தோலையும் திருப்புங்கள்.
- சுமை வாரில் வெட்டின் ஆழம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 3 மி.மீ. வாரென்றால் 1 மி.மீ. போதும்.
- கோடு முடியும் இடத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து தூக்குங்கள். வால் மெலிந்து மறைய வேண்டும்.
- முதலில் பூ, பிறகு இலை, கடைசியில் தண்டு என்று வெட்டுங்கள். முன்னால் இருப்பதன் கோடு முழுமையாக நிற்கும்.

*செய்யக்கூடாதவை*

- ஒரு கோட்டை இன்னொரு கோட்டின் மேல் தாண்டவிடாதீர்கள். குறுக்கே வெட்டுப்பட்ட மூலை நாளடைவில் பெயர்ந்து எழும்.
- விட்ட கோட்டை இரண்டாம் முறை வெட்டித் திருத்தாதீர்கள். கத்தி பழைய பள்ளத்தில் இறங்காமல் பக்கத்தில் இன்னொன்றைத் திறக்கும்.
- வாரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை நேர்கோடு வெட்டாதீர்கள். இழுவை முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து நிற்கும்.

6. தட்டு வேலை

கத்தி தோலைத் திறக்க மட்டும்தான். பூவை எழுப்பிக் காட்டுவது பெவலர். கோட்டுக்கு வெளிப்பக்கத்தை அமுக்கினால் உள்பக்கம் தானாக மேலே நிற்கும்.

*செய்ய வேண்டியவை*

- நனைப்பதற்கு முன்பே தோலின் பின்பக்கத்தில் பேக்கிங் டேப் ஒட்ட நினைத்தால், மேல்பக்கத்தில் மட்டும் ஈரம் கொடுங்கள். தட்டும்போது தோல் நீளாமல் டேப் பிடித்துக்கொள்ளும்.
- வாரைச் சற்று அகலமாக விட்டு, வேலை முடிந்து காய்ந்த பிறகு சரியான அளவுக்கு அறுங்கள்.
- பெவலரை ஒவ்வொரு தட்டுக்கும் அதன் அகலத்தில் பாதி மட்டும் நகர்த்துங்கள். அடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால்தான் சரிவு வழவழப்பாக வரும்.
- இதழின் குழிவு, சரிவு, நரம்பு, விதை, பின்னணி என்று வரிசையாகச் செய்து, அலங்கார வெட்டுகளைக் கடைசியில் போடுங்கள்.

*செய்யக்கூடாதவை*

- காய்ந்த தோலில் பலமாக அடித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மேல்தோல் வெடிக்கும். மெல்ல ஈரம் கொடுத்துத் தொடருங்கள்.
- பெவலரைக் கோட்டின் உள்பக்கம் வைக்காதீர்கள். பூ அமுங்கிப் பின்னணி எழும்பிவிடும்.

7. எங்கே வெட்டலாம், எங்கே கூடாது

*செய்ய வேண்டியவை*

- குதிரையின் நெற்றிப்பட்டை, கண்மறைப்பு, மார்வாரின் முகப்பு, சேணத்தின் பக்கமடல், மாட்டுக் கழுத்துப்பட்டையின் வெளிப்பக்கம், பக்கப்பையின் மூடி ஆகியவை வேலைப்பாட்டுக்கு நல்ல இடங்கள்.
- ஓரத்திலிருந்து 6 முதல் 8 மி.மீ. வரை தையலுக்கு வெறுமையாக விடுங்கள்.
- மிருகத்தின் உடம்பில் படும் பக்கத்தைச் சமமாகத் தேய்த்து, ஓரங்களைச் சீவி உருட்டிவிடுங்கள். முடிந்தால் மெல்லிய தோலால் உள்பட்டை தையுங்கள்.

*செய்யக்கூடாதவை*

- கையில் பிடிக்கும் லகான், வயிற்றுவார், கால்மிதி தொங்கும் வார், வண்டியை இழுக்கும் வார் இவற்றில் கத்தியை வைக்கவே வேண்டாம். ஓரக்கோட்டு முத்திரை போதும்.
- பக்கிள் மடியும் இடத்திலும் துளைகளுக்கு இடையிலும் வெட்டாதீர்கள். பைக் பையின் தொங்கு பட்டைக்கும் இதே விதிதான். 80 கி.மீ. வேகத்தில் அந்தப் பட்டை அறுந்தால் பை பின்சக்கரத்துக்குள் போகும்.
- அழகுக்காக உள்பக்கம் நீட்டும் ஆணியோ குமிழோ பதிக்காதீர்கள். இழுவை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள், தோலைச் சிராய்க்கும் முள்ளும் புடைப்பும் உள்ள சேணத்தைத் தடை செய்கின்றன. வாயில்லா ஜீவனுக்கு வலிக்கும் என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா?

8. காயவைப்பது முதல் கையில் கொடுப்பது வரை

*செய்ய வேண்டியவை*

- நிழலில், காற்றோட்டத்தில் ஒரு முழுநாள் காயவிடுங்கள்.
- சாயம் போட்டால், காய்ந்ததும் துணியில் நிறம் ஒட்டுவது நிற்கும்வரை வெள்ளைத் துணியால் தேய்த்துவிடுங்கள். உடம்பில் படும் பக்கத்துக்குச் சாயமே வேண்டாம்.
- மாட்டுக்கால் எண்ணெயான நீட்ஸ்ஃபுட் எண்ணெயை மெல்லிய பூச்சாகக் கொடுத்து, ஒரு நாள் விட்டுப் பார்த்து, தேவையானால் இன்னொரு பூச்சு கொடுங்கள்.
- மழைக்காலத்தில் வாரைத் துணிப்பையில் தொங்கவிடுங்கள். பூஞ்சை கண்டால் உலர்ந்த துணியால் வெளியே வைத்துத் துடைத்து, காற்றாட விடுங்கள்.
- விற்கும் முன் தாங்க வேண்டிய எடையைவிட அதிகமாக ஒரு நாள் தொங்கவிட்டு, வெட்டுக் கோடுகளின் அடியைப் பாருங்கள். கோடு வாய் பிளந்தால் அந்த வாரை விற்காதீர்கள்.

*செய்யக்கூடாதவை*

- வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காயவைக்காதீர்கள். தோல் விறைத்து வெடிக்கும்.
- நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தடவாதீர்கள். நாளானால் பிசுபிசுத்து வாடை வரும். ஆலையிலிருந்து வரும் கிரீஸும் கியர் ஆயிலும் தோலுக்கு ஆகவே ஆகாது.
- எண்ணெயை ஊற்றி ஊறவைக்காதீர்கள். நார் தளர்ந்து, எழுப்பிய பூவும் அமுங்கும்.
- மிஞ்சிய துண்டுகளைக் கொளுத்தாதீர்கள். அவற்றோடு குரோம் தோல் கலந்திருந்தால் புகையிலும் சாம்பலிலும் நச்சு குரோமியம் உருவாகலாம்.
- விற்றதோடு விட்டுவிடாதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் வாரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தையலையும் பக்கிள் மடிப்பையும் வெட்டுக் கோடுகளையும் வளைத்துப் பார்த்து, எண்ணெய் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் கோடு எங்கே தாங்கியது, எங்கே தளர்ந்தது என்பதை அந்த வாரே சொல்லும். அடுத்த வாரை அதை வைத்து வெட்டுங்கள்.